யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

ஒரு நாடகத்தை வாழவைப்பவர் யார்? எழுதிய புலவரா, இசை வகுத்தவரா, முதலில் மேடையேற்றிய தொழின்முறைக் குழுவா? ஆங்கில நகைச்சுவை இசைநாடகங்களின் வரலாறு இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையைத் தருகிறது. பாட்டும் வசனமும் எழுதிய டபிள்யூ. எஸ். கில்பேட் 1911 இல் மறைந்தார். இசையமைத்த ஆதர் சலிவன் அவருக்கு முன்னரே 1900 இல் மறைந்தார். அவ்விருவரையும் இணைத்துவைத்த றிச்சட் டொய்லி காட்டின் குழு, நூறாண்டு ஆடிய பின் 1982 இல் கலைந்தது. பின்னர் மீண்டெழுந்தபோதும் பழைய நிலையை எய்தவில்லை. நாடகங்களோ இன்றும் ஆடப்பட்டு வருகின்றன. ஆடுவோருட் பலர் ஊதியம் பெறாதவர்கள்; பகலிற் பாடசாலையிலும் வங்கியிலும் கடையிலும் பணிபுரிந்து, மாலையில் ஊர் மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும் சாதாரண மக்கள்.

இதற்குக் காரணம் நாடகங்களின் அமைப்பிலேயே உண்டு. இவற்றிற் குழுப்பாடல் வெறும் அலங்காரமன்று. ஊரே பாத்திரமாகி நின்று பாடுகிறது. பயிற்சி பெற்ற குரல்கள் நாலைந்து இருந்தாற் போதும், பாட விரும்பும் ஏனையோர் அனைவருக்கும் மேடையில் இடமுண்டு. சலிவனின் இசை சொல்லை விழுங்குவதில்லை. விரைந்து சொல்லடுக்கிப் பாடும் நகைச்சுவைப் பாடல்களுக்குக் குரல்வளத்தினும் நாத்தெளிவே வேண்டும். நடுவயது கடந்த ஆணும் பெண்ணும் சிறந்து விளங்கத்தக்க பாத்திரங்களும் நாடகந்தோறும் உள்ளன.

ஆயினும், ஆடும் உரிமை எளிதிற் கிட்டவில்லை. கில்பேட் கண்டிப்பான நெறியாளர். சிறு மாதிரி மேடையில் மரக்கட்டைகளை நகர்த்தி ஒவ்வொருவரின் அசைவையும் முன்னரே வகுத்துக்கொள்பவர். பிரித்தானியாவில் 1961 ஆம் ஆண்டின் முடிவிற் பதிப்புரிமை காலாவதியாகும் வரை, அமெச்சூர் சபைகள் டொய்லி காட் குழுவிடம் அனுமதி பெற்றே நடித்தன. அக்குழு ஆடிய முறையே மாதிரியாகவும் கொள்ளப்பட்டது. அதன் பின்னர் நாடகங்கள் எல்லோர்க்கும் உரிய பொதுச் சொத்தாயின. சொத்து கைக்கு வந்ததும் பொறுப்பும் உடன் வந்தது. இதனை விளக்க 'மிக்காடோ' ஒன்றே போதுமான சான்றாகும்.

1885 மார்ச் 14 இல் லண்டன் சவோய் அரங்கில் அரங்கேறி, 672 தடவை தொடர்ந்து ஆடப்பட்ட நாடகம் இது. டிட்டிப்பு என்னும் கற்பனை ஊரிலே மணவுறவின்றிச் சரசமாடுவோர்க்குச் சிரச்சேதம் தண்டனை. அக்குற்றத்துக்காக அடுத்துத் தலையிழக்க இருந்த கோ-கோ என்ற தையற்காரனையே ஊரார் சிரச்சேத அதிகாரி ஆக்கிவிடுகின்றனர். தன் தலையை வெட்டிய பின்னரே அவன் பிறர் தலையை வெட்டமுடியும் அல்லவா! அவனுக்குக் கீழே பணிபுரிய விரும்பாது ஏனைய அதிகாரிகள் பதவி துறக்க, அப்பதவிகள் அத்தனையையும், சம்பளங்கள் உட்பட, பூ-பா என்ற பிரபு ஏற்றுக்கொள்கிறான். அந்தரங்கச் செயலாளனாக ஓர் ஆலோசனை கூறி, நிதியமைச்சனாக அதனையே மறுக்கும் அவன் பெயர், பல பதவிகளைச் சுருட்டிக்கொள்பவரைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. கில்பேட்டின் அம்பு பாய்ந்தது இங்கிலாந்தின் அதிகார வர்க்கத்தின் மீதே என்பதில் ஐயமில்லை.

ஆனால் அம்பு மறைந்திருந்த திரை யப்பானிய உடை. 1907 இல் யப்பானிய இளவரசர் ஒருவர் லண்டன் வந்தபோது, பிரித்தானிய அரசு இந்நாடகத்தைச் சிலகாலம் தடைசெய்தது. அன்று கருதப்பட்டது இராசதந்திரமே. மனிதரின் மனம் அன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஊதியமின்றி நடிப்போரின் சபையொன்று 2014 இல் 'மிக்காடோ'வை மேடையேற்றியபோது எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. வெள்ளையர் முகம் தீட்டி, விசிறி ஆட்டி, யப்பானியராக நடித்ததை அந்நகரின் ஆசிய வம்சாவளியினர் வன்மையாகக் கண்டித்தனர். இதனை வெறும் சுடுமூஞ்சித்தனம் என ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1942 இல் அமெரிக்க மேற்குக் கரையினின்றும் யப்பானிய வம்சத்தவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். சியாற்றிலும் அவர்கள் வெளியேற்றப்பட்ட நகரங்களுள் ஒன்று. 1885 இல் லண்டனிற் காட்சிப் பொருளாக மட்டும் இருந்த திரை, இன்று உயிர்பெற்று, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறது.

ஆகவே நாடகத்தைக் கைவிடவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் துணிபு. மாற்றினால் மரபு அழியும் என்போருக்கும் வரலாறே விடை கூறுகிறது. அமெரிக்காவில் எழுந்த முறைப்பாடுகளின் பின், கறுப்பின மக்களை இழிவுசெய்த சொல்லொன்றை 1948 இல் டொய்லி காட் குழுவினரே நீக்கிவிட்டனர். இல்லாதொழிந்தாலும் எவரும் வருந்தார் என்று கோ-கோ அடுக்கும் ஆட்களின் பட்டியலிற் காலத்துக்கேற்ற பெயர்களைச் சேர்ப்பதும் நெடுநாளைய வழக்கம். மாறுவது இதன் இயல்பு. சன் பிரான்சிஸ்கோ நகரின் லாம்ப்லைற்றேஸ் குழுவினர் 2016 இல் கதைக்களத்தை இத்தாலியின் மிலான் நகருக்கு மாற்றி ஆடினர். யப்பானிய உடை போயிற்று. சிரச்சேத அதிகாரியின் சிக்கல் போகவில்லை. எது சதை, எது சட்டை என்பதை அந்த முயற்சி தெளிவாக்கிற்று.

தொழின்முறைக் குழு ஓரூரில் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஊர்ச் சபையினர்க்கு அது இயலாது. பார்த்தவர்களை மறுநாட் காலை தெருவிற் சந்திக்கவேண்டும். அது சுமையன்று, அவர்களுக்கு வாய்த்த பேறு. மாணவரைக் கொண்டு நாடகம் ஆடுவிக்கும் ஆசிரியரும், நாடகத்தில் ஈடுபாடுள்ள இளைஞரும், பழைய நகைச்சுவை ஒன்றை எடுக்குமுன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இச்சிரிப்பு யாரைச் சுடுகிறது? அதிகாரத்தில் இருப்பவரையாயின் தயங்காது ஆடுக. அருகில் இருக்கும் அயலவரையாயின், நாடகத்தைக் காப்பாற்றிச் சட்டையை மாற்றுக.