நாராயண்காவில் பிடிபட்ட அலை

2023 ஜனவரியில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகிலுள்ள ராட்சத ரேடியோ டெலஸ்கோப், வெகு தொலைவிலுள்ள ஒரு காலக்ஸியின் ரேடியோ அலையைப் பிடித்தது. உடனே, 'வேற்றுக்கிரகவாசிகள் பேசுகிறார்களாமே!' என்று நம்மவர்களே கிளம்பிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். நிஜச் செய்தி இதைவிட ருசியானது.

வந்தது யாருடைய பேச்சும் அல்ல. ஹைட்ரஜன் வாயுவின் அலை. புறப்படும்போது அதன் நீளம் 21 சென்டிமீட்டர். 880 கோடி ஆண்டுகள் பயணம் செய்ததில், விரியும் பிரபஞ்சம் அதை 48 சென்டிமீட்டராக இழுத்துவிட்டது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் இருந்தும், அவ்வளவு பலவீனமான அலை தனியாகக் கேட்டிருக்காது. 2020-ல் இதே டெலஸ்கோப்பில் 7,653 காலக்ஸிகளின் அலைகளை ஒன்றாகச் சேர்த்து, சராசரியைத்தான் பார்க்க முடிந்தது. இம்முறை கை கொடுத்தது நடுவழியில் நின்ற இன்னொரு காலக்ஸி. அதன் ஈர்ப்பு விசை அலைகளை வளைத்துக் குவித்து, சுமார் 30 மடங்கு பெருக்கித் தந்தது. பூதக்கண்ணாடி மாதிரி. (நட்சத்திரங்கள் இப்படி லென்ஸாவதைப் பார்க்க வாய்ப்பில்லை என்று 1936-ல் ஐன்ஸ்டீனே எழுதினார். காலக்ஸிகளால் முடியும் என்று அடுத்த ஆண்டே ஸ்விக்கி சொன்னார். 1979-ல் கண்ணுக்கே தெரிந்துவிட்டது.)

"இதனால் என்ன பிரயோஜனம் சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நட்சத்திரம் பிறக்க ஹைட்ரஜன்தான் விறகு. ஒரு காலத்தில் பிரபஞ்சத்தில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்தன. பிறகு வேகம் குறைந்தது. ஏன் என்று அறிய, அன்றைய காலக்ஸிகளில் எவ்வளவு விறகு இருந்தது என்று அளக்க வேண்டும். நிருபம் ராயும் அர்னாப் சக்ரவர்த்தியும் அளந்த காலக்ஸியில், நட்சத்திரங்களின் எடையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வாயு இருந்தது.

நம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வுக்காக இரவு பகலாக பிசிக்ஸ் படிக்கிறார்கள். அந்த பிசிக்ஸ் வேலை செய்யும் இடம் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? 1970-ல் ஊட்டி மலைச்சரிவில் ரேடியோ டெலஸ்கோப் அமைத்த அதே கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் உருவாக்கினார். ஓஜர் விநாயகரைத் தரிசிக்க நம் சங்க பஸ் போகத்தான் போகிறது. அங்கிருந்து டெலஸ்கோப் அதிக தூரமில்லை. பிப்ரவரி 28 அறிவியல் தினத்தையொட்டி பொதுமக்களை அனுமதிப்பது அங்கே வழக்கம். செயற்குழு சம்மதித்தால், பெயர்ப்பட்டியல் எடுக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.