ஆத்திரமும் அரைமணி நேரமும்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம்மவர் பழமொழி. வீட்டிற் சச்சரவு மூண்ட மாலையில் நஞ்சருந்தி மாண்டவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதனைச் சொல்லிப் பெருமூச்செறிவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது. கோழை என்பார் சிலர். தலைவிதி என்பார் வேறு சிலர். கண்டிக்கு அணித்தான பேராதனையில் நடைபெற்ற பணி இவ்விரு தீர்ப்புகளையும் பொய்யாக்கியிருக்கிறது.

1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மடிந்தனர். அவருள் மிகப் பலர் அருந்தியது பயிருக்கென வாங்கிவைத்த பீடைகொல்லி. பிழைத்தெழுந்தோரை ஆய்வாளர் வினவியபோது, பலர் அரைமணி நேரங்கூட எண்ணிப் பார்த்திலர் என்பது புலனாயிற்று. கைக்கு எட்டியதை எடுத்தார்கள், அவ்வளவே.

இத்தகைய வேகத்தை உபதேசம் தடுக்குமா? பூட்டுத்தான் தடுக்குமா? அனுராதபுரப் பகுதியிலே 180 கிராமங்களைத் தேர்ந்து, பாதியளவு கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு: பயனில்லை. திறவுகோல் வீட்டில்தானே இருக்கிறது!

பயன் தந்தது வேறொன்று. 1980ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் பேராதனைக் கெட்டம்பேயில் இருக்கிறது. மிகக் கொடிய நஞ்சுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும், பராகுவாட் முதலிய மூன்று 2008 தொடங்கிப் படிப்படியாகவும் விலக்கப்பட்டன. 2005இல் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. நெல் விளைச்சல் குன்றும் என்று அஞ்சியவர் உண்டு, அது குன்றவில்லை. வியப்பு யாதெனில், நஞ்சருந்தி மருத்துவமனை சேர்ந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை என்பதே. ஆத்திரம் அப்படியே இருந்தது, ஆள் பிழைத்தார். மனித சுபாவத்தைத் திருத்தக் காத்திராமல், நஞ்சைத் திருத்திய அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் எழுத்தாளரிடம் எனக்கொரு குறை உண்டு. நம் கதைகளில் தற்கொலை நெடுநாட் சிந்தனையின் முடிவாகவும், காதலின் சிகரமாகவும், மானத்தின் சாட்சியாகவும் வருகின்றது. ஆசிரியரும் அவற்றை வகுப்பிலே உருக்கமாகப் படித்துக் காட்டுகிறோம். ஆய்வு காட்டும் உண்மையோ வேறு: அப்பன் ஏசினான், அரைமணி கடந்திருந்தால் அடங்கியிருக்கும். மறுநாட் காலையில் மருத்துவமனைக் கட்டிலிற் கண்விழித்து, தாய் கொணர்ந்த தேநீரைக் கைநீட்டி வாங்கும் பெண்ணைப் பற்றி நாம் எத்தனை கதைகள் எழுதியிருக்கிறோம்?