குழாய்த் தண்ணீரும் குட்டிக் குரோமோசோமும்



போன வாரம் வந்த கடிதங்கள்ல ஒண்ணு என்னை ரொம்ப நேரம் பிடிச்சு உட்கார வச்சிடுச்சு. எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு வாசகி எழுதியிருக்காங்க. "எனக்கு பெத்தாலஜி ரொம்பப் பிடிச்சிருக்கு. பி.ஜி.யில அதையே எடுக்கலாம்னு சொன்னா வீட்ல ஒரே ரகளை. 'பேஷன்ட்டையே பார்க்காத டாக்டரா? அதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சே?'ங்கிறார் அப்பா. ஹாஸ்டல்ல அதைவிட மோசம். 'ரேங்க் வராதவங்க போற இடம்டி அது'ன்னு ஓட்டறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

தோழி, அட்வைஸ் பண்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. உங்க அப்பாகிட்ட சண்டை போடவும் நான் வர முடியாது. ஆனா ஒரு பெத்தாலஜிஸ்ட் கதை சொல்றேன். முடிஞ்சா அதை அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

பீட்டர் நோவல். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்காரர். 1928-ல் அங்கேதான் பிறந்தார், 1952-ல் அங்கேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பெத்தாலஜி படித்தார், ரெண்டு வருஷம் கடற்படையின் கதிர்வீச்சு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1956-ல் மறுபடி சொந்த ஊர், சொந்த யுனிவர்சிட்டி. இனிமே ரத்தப் புற்றுநோய் செல்களைத்தான் ஆராயப் போறேன்னு உட்கார்ந்தார். இதுவரைக்கும் ஒரு த்ரில்லும் இல்லை, ஒத்துக்கறேன்.

த்ரில் வாஷ்பேசின்ல ஆரம்பிக்குது.

லுகேமியா நோயாளிகளோட ரத்தத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் வளர்த்துக்கிட்டிருந்தார் நோவல். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றும் முன்னாடி கழுவணும். அதற்கென்று உப்பு சேர்த்த கரைசல் உண்டு. நம்மாளு என்ன செய்தார்? நேரா குழாயைத் திறந்து அந்தத் தண்ணியிலேயே அலசிட்டார்.

பிளஸ் டூ பயாலஜி ஞாபகம் இருக்கா? ஆஸ்மாசிஸ்! உப்பு இல்லாத தண்ணியில் செல்லைப் போட்டா அது தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஊதிப்போகும். ஊதின செல்லுக்குள்ளே நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியா விலகி நின்னுடுச்சு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவருக்கு அதெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

(இதே விபத்து நோவலுக்கு முன்னாடியே நடந்திருக்கு. 1952-ல் டெக்சாஸில் டி.சி.ஷூ என்பவரோட லேபில் யாரோ கரைசலைத் தப்பாக் கலக்கப் போய், குரோமோசோம்கள் அழகா விரிஞ்சு நின்னுச்சு. அப்போ மனுஷனுக்கு 48 குரோமோசோம்னு எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. இவ்வளவு தெளிவாப் பார்த்த ஷூவும் 48-னே எழுதினார்! 46தான் சரின்னு ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சொன்னது 1956-ல். புக்ல இருக்குங்கிறதுக்காக கண்ணு முன்னாடி இருக்கிறதை நம்பாம விடறது நம்ம ரெக்கார்டு நோட்டு காலத்து வியாதி மட்டும் இல்லை போல.)

நோவலுக்கு வருவோம். அவருக்குக் குரோமோசோம் பத்தி அப்போ ஒண்ணும் தெரியாது. அவர் ஜெனட்டிக்ஸ் ஆளே இல்லை. "நமக்கெதுக்கு வம்பு"ன்னு ஸ்லைடை ஓரமா வச்சுட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யலை. இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஊர்ல யார் இருக்காங்கன்னு விசாரிச்சார். அதே நகரத்தில் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் இருந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்டுன்னு ஒரு மாணவர், குரோமோசோமை வச்சு பி.எச்டி. பண்ணிக்கிட்டிருந்தார். தீசிஸுக்கு மெட்டீரியல் தேடிக்கிட்டிருந்தவருக்கு இது தானா வந்து விழுந்தது. இவர் செல்லை வளர்த்துக் கொடுப்பார், அவர் கண்ணு நோகப் பார்ப்பார். ஒரு டாக்டரும் ஒரு ஸ்டூடன்ட்டும் கூட்டணி.

பார்த்துக்கிட்டே போனதில் ஹங்கர்ஃபோர்டு கண்ணில் ஒண்ணு பட்டுச்சு. 46 பேர் நிக்கிற குரூப் போட்டோவில் ஒருத்தர் மட்டும் இடுப்புக்குக் கீழே இல்லாத மாதிரி, ஒரே ஒரு குரோமோசோம் குட்டியா இருந்தது. முதலில் பார்த்த ரெண்டு நோயாளிகளும் ஆண்கள். அதனால இது ஒய் குரோமோசோமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். அப்புறம் பெண் நோயாளிகளிடமும் அதே குட்டி இருந்தது, சந்தேகம் காலி. எல்லாருக்கும் ஒரே வகை நோய்: நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, சுருக்கமா சி.எம்.எல். 1960-ல் 'சயின்ஸ்' இதழில் ஏழு நோயாளிகளை வச்சு, ஒரு பக்கம்கூட நிறையாத ஒரு குறிப்பு எழுதினாங்க. அந்தக் குட்டிக்கு அந்த ஊர் பேரே வந்துடுச்சு. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்!

இதில் என்ன பெரிய விஷயம்? அந்தக் குட்டி, புற்று செல்லில் மட்டும்தான் இருந்தது. அதே ஆளோட மத்த செல்களில் குரோமோசோம் எல்லாம் நார்மல். அப்போ இது பரம்பரையா வந்தது இல்லை, நடுவில் வந்தது. அதோட, பார்த்த புற்று செல் ஒவ்வொண்ணிலும் அதே குட்டி. எக்ஸாம் பேப்பர் திருத்தற சாரைக் கேளுங்க. முப்பது ஆன்ஸர் ஷீட்டில் ஒரே இடத்தில் ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா, முப்பது பேரும் ஒரே பேப்பரைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கோடிக்கணக்கான புற்று செல்களுக்கும் மூலப் பேப்பர் ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு செல்லில் நடந்த ஒரு ஜெனட்டிக் தப்புதான் இவ்வளவும்.

கைதட்டி ஆரவாரமா ஏத்துக்கிட்டாங்களான்னா, இல்லை. மத்த புற்றுநோய்களில் குரோமோசோம்கள் கன்னாபின்னான்னு இருந்துச்சு, ஒரு ஒழுங்கே தெரியலை. அதனால, "நோய் வந்ததால குரோமோசோம் உடைஞ்சிருக்கும், உடைஞ்சதால நோய் வந்திருக்காது"ன்னு பலர் சொல்லிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற டாக்டரம்மா, குரோமோசோம் போட்டோக்களை வெட்டி வீட்டு டைனிங் டேபிளில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்த்தாங்க. 22-ஆம் குரோமோசோமில் காணாமப்போன துண்டு 9-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கிட்டிருந்தது. ரெண்டும் துண்டுகளைப் பண்டமாற்று பண்ணியிருக்கு! எண்பதுகளில் அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் ரெண்டு ஜீன்கள் இணைஞ்சு பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புது ஜீன் உருவானதும் தெரிஞ்சுது. அது தயாரிக்கிற புரதம் ஆஃப் ஆகாத சுவிட்ச் மாதிரி. 'பெருகு, பெருகு'ன்னு செல்லுக்கு விடாம ஆர்டர் போடும்.

அந்த சுவிட்சை அணைக்க வந்ததுதான் இமாட்டினிப் மாத்திரை. 2001 மே மாசம் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. குழாய்த் தண்ணியிலிருந்து மாத்திரைக்கு 40 வருஷத்துக்கு மேல!

அந்த மாத்திரைக்கு ஒரு சென்னை கதையும் இருக்கு. அதோட ஒரு படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி விண்ணப்பிச்சது சென்னை பேட்டன்ட் ஆபீஸில்தான். 2006 ஜனவரியில் அந்த ஆபீஸ் முடியாதுன்னு சொல்லிடுச்சு. மெட்ராஸ் ஹைகோர்ட், அப்பீல் போர்டுன்னு சுத்தி, கடைசியில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துடுச்சு. மாசம் லட்ச ரூபாய்க்கு மேல ஆகும்னு பேசப்பட்ட மருந்தை நம்ம ஊர் கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொடுக்க முடிஞ்சது அதனாலதான்.

இத்தோட நிறுத்தினா நோவல் ஒரு லக்கி ஆள்னு நினைச்சுடுவீங்க. எனக்கு அவர்மேல நிஜமான மரியாதை வந்தது 1976-ல் அவர் எழுதின கட்டுரையைப் பத்திப் படிச்சப்போதான். மறுபடி 'சயின்ஸ்' இதழ். ஒரு செல்லில் ஆரம்பிக்கிற கட்டி அப்படியே இருக்காதுன்னார். காப்பி அடிக்கிறவன் சும்மா அடிப்பானா, ஒவ்வொருத்தனும் தன் பங்குக்கு ரெண்டு புதுத் தப்பு சேர்ப்பான். அதில் வேகமா வளர்றது, உடம்போட எதிர்ப்பைத் தாங்குறது எல்லாம் ஜெயிச்சு நிக்கும். டார்வின் சொன்ன பரிணாமம் ஒரு மனுஷன் உடம்புக்குள்ளேயே நடக்குது. அதனால ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி சிகிச்சை தேவைப்படலாம், அதையும்கூட ஏமாத்துற ஒரு செல் கிளம்பலாம்னு அப்பவே எழுதிட்டார்.

இமாட்டினிப் வந்த அதே 2001-லேயே அது நடந்தது. சில நோயாளிகளுக்கு மருந்து வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. ஏன்னு பார்த்தா, அந்தப் புரதத்தில் 315-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. பறக்கும் படை அடையாளம் வச்சுப் பிடிக்குதுன்னு தெரிஞ்சு சட்டையை மாத்தின பையன் மாதிரி! அவனையும் பிடிக்கிற பொனாட்டினிப் 2012-ல் வந்தது. மாத்திரைக்கு வழி காட்டின மனுஷனே, அது எப்படித் தோற்கும்னும் 25 வருஷம் முன்னாடி சொல்லி வச்சிருக்கார்.

இன்னொண்ணு விட்டுட்டேன். இன்னைக்கு லேபில் ரத்தத்தில் குரோமோசோம் டெஸ்ட் பண்றப்போ, வெள்ளை அணுக்களைப் பிரிய வைக்கப் பெரும்பாலும் ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு சாறு சேர்ப்பாங்க. ஆமா, சப்பாத்திக்குத் தொட்டுக்கிற அதே ராஜ்மா! சிவப்பணுவை ஒதுக்கறதுக்குத்தான் அதைப் போட்டுக்கிட்டிருந்தாங்க. செல்களைப் பிரிய வைக்கிறதே அந்தச் சாறுதான்னு 1960-ல் கண்டுபிடிச்சதும் நோவல்தான். ஒரே வருஷத்தில் ரெண்டு!

1998-ல் நோவலுக்கு லாஸ்கர் விருது கிடைச்சது. ஜேனட் ரௌலிக்கும் ஆல்ஃபிரட் நட்சனுக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. அந்தக் குட்டியை முதல்ல கண்டுகொண்ட ஹங்கர்ஃபோர்டு பேர் அதில் இல்லை. அவர் 1993-லேயே போய்ச் சேர்ந்துட்டார். மாத்திரையையும் அவர் பார்க்கலை. இது எனக்கு உறுத்துது. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்னு சொல்றப்போ, தோழி, நீங்களாவது ரெண்டு பேர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. நோவல் 2016 டிசம்பரில் காலமானார்.

கடைசியா உங்க அப்பாவோட கேள்வி. பேஷன்ட்டையே பார்க்காத டாக்டரா?

எங்க சித்தப்பாவுக்கு சி.எம்.எல். கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷமா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை. கடையைத் திறக்கிறார், வண்டி ஓட்டறார், கிரிக்கெட் பார்த்துக் கத்தறார். சில மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துட்டு வருவார். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சித்திக்குத் தூக்கம் வராது. அதில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். எத்தனை சதவீதம்னு ஒரு நம்பர் இருக்கும். அது ஏறினா மருந்தை மாத்தணும், ஏறலைன்னா வீட்ல அன்னைக்குப் பாயசம். போன தடவை ரிப்போர்ட்டை நான்தான் வாங்கிட்டு வந்தேன். நம்பருக்குக் கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, அதுக்கும் கீழே 'எம்.டி., பெத்தாலஜி'ன்னு சின்ன எழுத்தில் அச்சடிச்சிருந்தது. இத்தனை வருஷத்தில் சித்தப்பா அவங்க முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.