மழை ரோடு சோதனைச்சாலை அல்ல!

ஐப்பசி மழை விட்டதும் மீன்சுருட்டி மாதிரி ரோட்டோர ஊர்களில் ஒரு குரல் கேட்கும். "மாப்ள, டைமிங் அட்வான்ஸ் பண்ணியாச்சு. ரோடு காலியா கிடக்கு, ஒரு ரவுண்டு பாத்துரலாம்!" சென்னை - கும்பகோணம் நெடுஞ்சாலைதான் இவர்களுக்கு ரேஸ் டிராக்.

டைமிங் என்பது என்ன? பெட்ரோல் கலவை எரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே, சில டிகிரி முன்னால் பிளக்கில் பொறி விழவேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒரு டிகிரி என்பது ஒரு நொடியை 36,000 கூறாக்கி அதில் ஒரு கூறு! பொறியைச் சற்று முன்னே தள்ளினால் ஓரளவு இழுவை கூடலாம். அளவு மீறினால் இன்ஜின் தட்டும், சூடேறும், கடைசியில் பிஸ்டனே ஓட்டையாகும்.

இத்தனை நுணுக்கமான மாற்றத்தை ஈர ரோட்டில் எப்படி அளப்பது? பின் டயர் வழுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. அலறலைப் பவர் என்று நம்பிவிட்டு வீடு திரும்புகிறார்கள். (திரும்பினால்!) பவர் கூடியதா என்று சொல்ல டைனோ மெஷின் இருக்கிறது. ஈரத்தில் பார்க்கவேண்டியது வேறு: அந்தப் பவர் எவ்வளவு மென்மையாக வருகிறது என்பது. அதற்கு ஒரே வளைவைப் பலமுறை ஓட்டவேண்டும். மழை டயர் வேண்டும். விழுந்தால் சறுக்கிப்போக இடமும், பக்கத்திலேயே ஆம்புலன்சும் வேண்டும். நெடுஞ்சாலையில் இருப்பதோ கரும்பு டிராக்டரும் சிமெண்ட் லாரியும்தான்.

ஓசூர் டிவிஎஸ் கம்பெனி 2020-ல் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியில் ரெயின் மோடு கொடுத்தது. அதில் 34 குதிரைத்திறன் 25.8 ஆகக் குறையும். பல வருடம் ரேஸ் ஓட்டிப் பழகிய கம்பெனி மழைக்குப் பவரைக் குறைக்கிறது. நம்ம ஊர் எக்ஸ்பர்ட்டுகள் மழையில் கூட்டிப் பார்க்கிறார்கள்!

முறையான டிராக்கில்கூட ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அத்தனை ஏற்பாடு உள்ள இடத்திலேயே இப்படி என்றால், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறப்பதை என்னவென்று சொல்வது?

"டிராக்குக்குப் போக எங்களுக்கு வசதி ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருங்காட்டுக்கோட்டையும் கோவையும் இங்கிருந்து வெகுதூரம். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டை அடைத்து இரவில் கார் பந்தயம் நடத்த முடிந்தது. கிராமத்துப் பையன்களுக்கு மாதம் ஒரு நாள் ஒரு மைதானம் கொடுக்க முடியாதா? ஒரு காலத்தில் சென்னைப் பந்தயங்கள் நடந்த சோழவரமே போர்க்கால விமான ஓடுதளம்தான். உளுந்தூர்பேட்டையிலும் அப்படி ஒன்று உண்டு. கேட்கவேண்டியவர்களிடம் கேட்கலாமே!

அதுவரை கணக்கு எளிது. வரவு: அரைக் குதிரைத்திறன், அதுவும் சந்தேகம். செலவு: சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றியதற்கு 5000 ரூபாய் வரை அபராதம், ஒரு பிஸ்டன், ஒரு கால். சில சமயம் எதிரே சைக்கிளில் வந்த யாரோ ஒருவரின் உயிர். அந்தக் கடைசிச் செலவை எந்தப் பேரேட்டிலும் நேர் செய்யமுடியாது.