சிவப்பு எச்சரிக்கை வந்தால் நம் மஹல்லா என்ன செய்யும்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் தென்மாவட்டங்களில் மழை கொட்டத் தொடங்கியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., மலை மேலுள்ள மாஞ்சோலையில் 55 செ.மீ. கடலோரத்தில் பெய்த மழையோடு பொதிகை மலையிலிருந்து தாமிரபரணியில் இறங்கிய வெள்ளமும் சேர்ந்துகொண்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

வெள்ளம் வடிவதற்குள் அரசியல் சண்டை ஆரம்பமாகிவிட்டது. இவ்வளவு பெரிய மழை வரும் என்று வானிலை ஆய்வு மையம் கணித்துச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டது என்றது மத்திய அரசு. யார் சொல்வது சரி என்று வாதிடுவதைவிட, ஒரு எச்சரிக்கை நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று புரிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரே நாளில் 20 செ.மீ.க்குக் கூடுதலாகப் பெய்தால் அது 'அதி கனமழை'. பொதுவாக அதற்குத்தான் சிவப்பு எச்சரிக்கை. அதற்கு மேல் வேறு படிநிலை கிடையாது. ஆகவே 21 செ.மீ. மழைக்கும் சிவப்புதான், 95 செ.மீ. மழைக்கும் சிவப்புதான். முதலாவதில் தெருவில் தண்ணீர் நிற்கும்; இரண்டாவதில் வீடே மூழ்கும். இந்த வித்தியாசத்தை நிறம் காட்டாது.

எந்த ஊரில் எவ்வளவு பெய்யும் என்று துல்லியமாகச் சொல்வதும் எளிதல்ல. அன்று குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சி ஈரக்காற்றை இடைவிடாமல் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மேகக்கூட்டம் கொஞ்சம் விலகி நின்றாலும் அளவு தலைகீழாகிவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்களான காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே 26 செ.மீ. வித்தியாசம் இருந்ததைப் பாருங்கள். மாவட்டம் முழுவதற்கும் தரப்படும் எச்சரிக்கையில் நம் தெருவின் கதி எழுதியிருக்காது.

"மழையைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம்தானே, இவர்கள் என்ன சொல்வது?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. மழையை இறக்குபவன் அல்லாஹ்வே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வானிலைக் கணிப்பு மறைவான ஞானத்தை உரிமை கொண்டாடுவதல்ல. காற்றழுத்தத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு அது, தவறவும் செய்யும். கருமேகத்தைக் கண்டு குடை எடுப்பதை நாம் யாரும் ஈமானுக்கு மாற்றமாகக் கருதுவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மழை இரவுகளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். வானிலை மோசமாகும்போது மக்களின் பாதுகாப்புக்காகப் பள்ளிவாசலிலிருந்து அறிவிப்புச் செய்வது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே ஆதாரம். மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்விட்ட இரவில், ஜெனரேட்டரோ பேட்டரியோ இருந்தால், தெருவின் கடைசி வீடு வரை கேட்பது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான்.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஐப்பசி பிறக்கும் முன்பே சில வேலைகளை முடித்துவைக்க வேண்டும். மஹல்லாவில் முதலில் தண்ணீர் ஏறும் தெருக்கள் எவை என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதைப் பட்டியலிட வேண்டும். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் யார் என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். ஆண்கள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, பெண்களும் முதியோரும் மட்டுமே வசிக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த வீடுகளின் கதவைத் தட்டும் பொறுப்பைப் பெயர் சொல்லி இளைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான கணிப்பையும் வெளியிடுகிறது. 'மௌசம்' செயலி மழைக்கும் 'தாமினி' செயலி மின்னலுக்கும் உதவும். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் ஒருவர் இரவு விழித்திருந்து இவற்றைக் கவனிக்கட்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

அந்த வெள்ளத்தில் செய்துங்கநல்லூர் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்கும் அடைக்கலம் தந்து உணவளித்தது. வெள்ளம் வந்த பிறகு ஓடிச்சென்று உதவுவதில் நம் சமுதாயம் குறை வைத்ததில்லை. அதே வேகத்தை வெள்ளம் வருவதற்கு முந்தைய இரவிலும் காட்டினால், இன்ஷா அல்லாஹ், மாடிகளில் நின்று உதவிக்குக் குரல் கொடுக்கும் குடும்பங்கள் குறையும். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.