பத்து நிமிஷம் கிடைக்குமா டீச்சர்?

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. 42-ல 17 போனா எவ்வளவு?

'25... இதெல்லாம் ஒரு கேள்வியா?'ங்கறீங்களா? ஓகே. இப்ப அடுத்த கேள்வி. 'ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு'ன்னு சொல்றோமே... வாங்கினது ஒண்ணுதான். அப்புறம் எப்படி அந்த ரெண்டு, பன்னிரண்டு ஆச்சு? எட்டு வயசுப் பையனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பார்ப்போம்!

எங்க ஹாஸ்டல்ல நாலு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 'ஃபுல் சப்ட்ராக்டர்' ட்ரூத் டேபிளை ஒப்பிக்கற பார்ட்டிங்க. நாலு பேருக்கும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் அப்படித்தான் மச்சி!"

'அப்படித்தான்'னு சொல்லித் தப்பிக்கவே முடியாத ஓர் இடம் இருக்கு. அது ஆரம்பப் பள்ளி. செமஸ்டர் லீவுல வட்டாரக் கல்வி அலுவலர்கிட்டயும் ஹெச்.எம்.கிட்டயும் பர்மிஷன் வாங்கிட்டு, விருதுநகர் மாவட்டத்துல ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில திங்கள் முதல் வெள்ளி வரை கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். பெஞ்ச் எல்லாம் கிடையாது பாஸ்... பாய்தான்!

திங்கள்: ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

மொத்தம் 27 பசங்க. டீச்சர் ரெண்டே பேர். 'ஈராசிரியர் பள்ளி'ன்னு பேரு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான் கணக்கு. ஸோ, சட்டப்படி எல்லாம் சரி. ஆனா பசங்க 27 பேர்தான்னாலும் வகுப்பு அஞ்சு ஆச்சே!

நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் ஹெச்.எம். பொறுப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு... இந்த மூணு வகுப்பும் ஒரே ரூம்ல, ஒரே டீச்சர்கிட்ட. மொத்தம் 16 வாண்டுகள். நம்ம பாஷையில சொன்னா ஒரே பிராசஸர், 16 பிராசஸ்!

கணக்குப் பாடத்துக்கு 40 நிமிஷம். 40-ஐ 16-ஆல வகுத்தா ஆளுக்கு ரெண்டரை நிமிஷம். அதுலயும் ஒருத்தன் "டீச்சர்... இவ என் ரப்பரை எடுத்துட்டா"ன்னு வருவான். ஒருத்திக்குப் பல் ஆடும். ஒருத்தன் ஒண்ணுக்குப் போகணும்னு விரலைத் தூக்குவான். அந்த ரெண்டரையும் காலி!

ஆனா பசங்க காலையிலயே ஃப்ரெஷ்ஷா இருக்காங்க. இந்த ஊர்ல நிறைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. (இந்தப் பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்றதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்!) பொழுது விடிஞ்சதுமே கிளம்பிடுவாங்க. முன்னாடியெல்லாம் முதல் பீரியட்லயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கற பிள்ளைங்க இருந்தாங்களாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. "இப்ப எனக்கு முதல் பீரியட் முழுசாக் கிடைக்குது தம்பி"ன்னாங்க டீச்சர். சாப்பாட்டை அவங்க நிமிஷக் கணக்குல சொன்னது புதுசா இருந்துச்சு.

செவ்வாய்: இன்டு போடாத டீச்சர்

ரூமுக்குள்ள மூணு வட்டம். அரும்பு, மொட்டு, மலர். 2022 ஜூன்ல வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பிள்ளைகளை இப்படித்தான் பிரிக்கறாங்க. வயசுப்படி இல்லை, எவ்வளவு தெரியுமோ அதன்படி. ஒரு வட்டத்துல டீச்சர் உட்கார்ந்து சொல்லித் தருவாங்க. மத்த ரெண்டு வட்டமும் தானா வேலை பார்க்கும். ஒண்ணு புளியங்கொட்டையை எண்ணும், இன்னொண்ணு ஜோடி ஜோடியா வாசிக்கும்.

நம்மள்ல அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இது புதுசில்லை. ஏ.பி.எல். அட்டை, ஏணிப்படி, தரையை ஒட்டி சுவர் முழுக்கக் குட்டிக் கரும்பலகை... ஞாபகம் வருதா? ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல இருக்கற ரிஷிவேலி பள்ளிக்கூடத்துக்காரங்க கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கின முறையைப் பார்த்துட்டு வந்து, 2003-ல சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகள்ல ஆரம்பிச்சாங்க. 2007-ல மாநிலம் முழுக்கப் போச்சு. யானைப் படம் போட்ட அட்டை, மயில் படம் போட்ட அட்டைன்னு நாம எடுத்து விளையாடினோமே, அதுக்குள்ள ஒரு பிளான் இருந்திருக்கு. பத்துப் பேர் தானா படிச்சா, பதினோராவது ஆளோட உட்கார டீச்சருக்கு நேரம் கிடைக்கும். அதான் மேட்டர்!

இந்த இடத்துலதான் நம்ம ஹீரோ என்ட்ரி. மூணாம் வகுப்பு. ஊரே கூப்பிடற பட்டப்பேர் ஒண்ணு இருக்கு. இங்கே எழுதினா கோவிச்சுக்குவான். ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லுவான். சிலேட்டுல அவன் போட்ட கணக்கு: 42 – 17 = 35.

டீச்சர் இன்டு போடலை. என்கிட்ட சிலேட்டைக் காட்டினாங்க. "ஒவ்வொரு இடத்துலயும் பெரிசுல இருந்து சின்னதைக் கழிச்சிருக்கான் பாருங்க. ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு. அவன்கிட்ட ஒரு ரூல் இருக்கு தம்பி. அந்த ரூல்தான் தப்பு. இன்டு போட்டு அனுப்பினா அடுத்த கணக்குக்கும் அதே ரூலைத்தான் போடுவான்."

டீபக்கிங்னா இதான் பாஸ்!

அதுக்குள்ள பெல். ரெண்டரை நிமிஷத்துல ரூல் மாறாது. "நாளைக்கு உன்கூட உட்காருறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

புதன்: பதினோரு நிமிஷம்

டீச்சர் பையில இருந்து ஒரு பொட்டலம் வெளியே வந்துச்சு. மருந்து வைக்காத வெறும் தீக்குச்சி. இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்! பத்துப் பத்தா எண்ணி ரப்பர் பேண்ட் போட வெச்சாங்க. நாலு கட்டு, ரெண்டு உதிரி. 42.

"எனக்கு 17 குச்சி குடு."

ஹீரோ ஒரு கட்டைக் குடுத்தான். "இது பத்து." அப்புறம் உதிரி ரெண்டையும் குடுத்தான். "பன்னெண்டு." அதோட நின்னுட்டான்.

"இன்னும் அஞ்சு வேணுமே?"

"குச்சி இல்ல டீச்சர்."

"இல்லையா? கையில என்ன?"

"அது கட்டு டீச்சர்."

சிரிக்காதீங்க. பிரச்னையே அங்கதான் இருக்கு. அவனுக்குக் கட்டு வேற, குச்சி வேற. 42-ல இருக்கற '4' வெறும் நாலுதான். நாப்பது இல்லை. டீச்சர் ஒண்ணும் சொல்லலை. காத்திருந்தாங்க. பக்கத்து வட்டத்துல ரெண்டு பேர் சண்டை. இந்தப் பக்கம் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி அமர்த்தினாங்க. ஹீரோ கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறான். மூக்கை உறிஞ்சறான். என்னைப் பார்க்கறான். நான் மேல ஓட்டைப் பார்க்கறேன்!

"டீச்சர்... இதைப் பிரிக்கலாமா?"

"உன் குச்சிதானே, உன் இஷ்டம்."

ரப்பர் பேண்ட் தெறிச்சு என் பக்கத்துல விழுந்துச்சு. அஞ்சு எண்ணிக் குடுத்தான். மீதியை எண்ணினான். ரெண்டு கட்டு, அஞ்சு உதிரி. "இருபத்தஞ்சு!" அப்புறம் சிலேட்டை எடுத்து அந்த 35-ஐப் பார்த்தான். அவனே எச்சில் தொட்டு அழிச்சான். (டீச்சர் முறைச்சாங்க. அது வேற விஷயம்!)

வாட்ச்சைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு கணக்குக்கு. அந்த நேரம் முழுக்க மத்த 15 பேரும் ஏதோ ஒண்ணைத் தானா செஞ்சுக்கிட்டு இருந்ததாலதான் இது நடந்துச்சு.

"ஏன் டீச்சர் நீங்க 'கடன் வாங்கு'ன்னு சொல்லலை?"ன்னு மதியம் கேட்டேன். "சொல்லிப் பார்த்தேனே... ஒரு வருஷம் ஒரு பொண்ணு, 'கடன்னா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர், எப்ப குடுக்கணும்?'னு கேட்டுச்சு. வீட்ல வாரக் கடன் வாங்கறதைப் பார்க்கற பிள்ளை. அதுல இருந்து முதல்ல கட்டைப் பிரிக்கறதுதான். 'கடன்'ங்கற வார்த்தை அப்புறம் வந்துக்கட்டும்"னாங்க.

நம்ம ஹாஸ்டல் பதிலுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பார்த்தீங்களா? வாங்கினது 'ஒண்ணு' இல்லை... ஒரு கட்டு!

வியாழன்: ஒரு டீச்சர், அஞ்சு வகுப்பு

அன்னிக்கு டீச்சருக்கு வெளியூர்ல ஒரு பயிற்சிக் கூட்டம். ஸ்கூல்ல ஹெச்.எம். மட்டும். 27 பேரும் ஒரே ரூம்ல. அஞ்சாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, ஒண்ணாம் வகுப்பு வாண்டுகளைச் சுத்தி உட்கார வெச்சு 'அ, ஆ' சொல்லித் தர்றா. அப்படியே டீச்சர் மாதிரி இடுப்புல கை வேற! ஹெச்.எம். நாலாம் வகுப்புக்கு வகுத்தல் போட ஆரம்பிச்சப்போ போன் அடிச்சுது. ஏதோ புள்ளிவிவரம் உடனே வேணுமாம். செல்போன்ல டைப் பண்ணி அனுப்பி முடிக்கறதுக்குள்ள வகுத்தல் பாதியில நின்னுபோச்சு.

மூணாம் வகுப்புக்குக் 'காப்பி எழுது'. ஹீரோவோட குச்சிக் கட்டு பீரோவுக்குள்ள. சாவி டீச்சர் பையில!

யாரையும் குத்தம் சொல்லலை. டீச்சருக்குப் பயிற்சி வேணும்தான். புள்ளிவிவரம் இல்லாம சத்துணவு முட்டைகூட வராது. ஆனா பத்து டீச்சர் இருக்கற ஸ்கூல்ல ஒருத்தர் போனா ஒரு வகுப்புதான் காலியா இருக்கும். இங்கே ஒருத்தர் போனா பாதி ஸ்கூலே போயிடுது.

"ஒரு நாள்தானே"ன்னேன். ஹெச்.எம். தலையாட்டலை. "இந்தப் பிள்ளைகளுக்கு வீட்ல உட்கார்ந்து சொல்லித் தர ஆள் கிடையாது தம்பி. இங்க விட்டா விட்டதுதான். கொரோனா அப்ப பார்த்தோமே..."

கணக்குப் போட்டுப் பாருங்க. 2020 மார்ச்ல மூடின ஸ்கூல், இந்தச் சின்னப் பசங்களுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்துச்சு. 2020-ல ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தவங்க, அந்த வகுப்புல ஒரு நாள்கூட உட்காராமலே ரெண்டாம் வகுப்புக்கு வந்தவங்க. அப்ப நாம ஆன்லைன் கிளாஸ்ல வீடியோவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினோம். இவங்க வீட்ல ஆஃப் பண்ண போனே இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்துச்சு. சாயங்காலம் தெருவுலயே உட்கார்ந்து சொல்லித் தந்த தன்னார்வலர்கள்ல நம்ம செட் காலேஜ் பொண்ணுங்களும் இருந்தாங்க.

வெள்ளி: ரெண்டு டீச்சர் மூணு ஆனாங்க!

டீச்சர் வந்ததும் முதல் வேலை, பீரோ திறந்ததுதான். போர்டுல புதுக் கணக்கு: 61 – 34. மூணாம் வகுப்புல மொத்தம் ஆறு பேர். ஆறு சிலேட்டும் வரிசையா வந்துச்சு.

ஹீரோ சிலேட்டுல 27. குச்சியைத் தொடவே இல்லை. காத்துல விரலால ஏதோ பிரிச்சுக்கிட்டு இருந்தான். இன்னும் மூணு பேர் சரி. ரெண்டு பேர் 33. அதே பழைய ரூல்.

டீச்சர் எழுந்து வர்றதுக்குள்ள, ஹீரோ பொட்டலத்தைத் தூக்கிட்டு பக்கத்துப் பொண்ணு முன்னாடி உட்கார்ந்துட்டான். "ஏய்... நீ கட்டைப் பிரிக்கவே இல்ல. பிரிக்காம எப்படிக் குடுப்ப?" அவ ஒரு கட்டைப் பிரிச்சா. எண்ணினா. நடுவுல ரெண்டு தடவை சண்டை. ஒரு தடவை கிள்ளல். கடைசியில 27.

டீச்சர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்த நேரத்துல இன்னொரு பையன்கிட்ட உட்கார்ந்தாங்க. அவனுக்கு அன்னிக்குப் புரியலை. "திங்கக்கிழமை பார்ப்போம்டா தங்கம்"னு கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்க.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கட்டைப் பிரிக்கத் தெரியாதவனுக்கு நாலாம் வகுப்புல வகுத்தல் வராது. வகுத்தல் வராதவனுக்கு பின்னம் வராது. பின்னம் வராதவன் எட்டாம் வகுப்புல இயற்கணிதத்தைப் பார்த்ததும், 'எனக்குக் கணக்கு வராது'ன்னு முடிவு பண்ணிடுவான். அந்த முடிவு எட்டாம் வகுப்புல எடுத்த மாதிரிதான் தெரியும். ஆரம்பிச்சது என்னவோ மூணாம் வகுப்புல கிடைக்காத ஒரு பத்து நிமிஷத்துல!

நாம என்ன பண்ணலாம்?

நிறைய காலேஜ்ல என்.எஸ்.எஸ். இருக்கு. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், அது போக ஏழு நாள் கேம்ப். கேம்ப்னா நமக்கு என்ன தெரியும்? சீமைக் கருவேலம் வெட்டறது, ஸ்கூல் சுவருக்கு பெயின்ட் அடிக்கறது, நோட்டு குடுத்து குரூப் போட்டோ. எல்லாம் நல்லதுதான். ஆனா டீச்சர்கிட்ட 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டப்போ, சுவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

"பாடம் நடத்த ஆள் வேணாம் தம்பி, அது எங்க வேலை. ஒரு பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து, அது வாசிக்கறதைக் கடைசி வரைக்கும் கேட்க ஓர் ஆள் வேணும். பதிலை முந்திக்கிட்டு சொல்லாத ஆள். இந்த வாரம் ஒருத்தர், அடுத்த வாரம் இன்னொருத்தர்னு வந்தா பிள்ளைங்க வாயே திறக்காது. ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரு மணி நேரம் போதும்."

ஸோ மக்களே, உங்க ஊர்ல ஒரு ஈராசிரியர் பள்ளி கண்டிப்பா இருக்கும். ஹெச்.எம்.மைப் பாருங்க. பர்மிஷன் வாங்குங்க. எந்தப் பிள்ளைகூட, எந்தப் பாடத்துக்கு உட்காரணும்னு டீச்சர் சொல்லட்டும். சாக்லேட் வேணாம், செல்ஃபி வேணவே வேணாம். 'கட்டு டீச்சர்'னு ஒருத்தன் முழிச்சா, அவன் பிரிக்கற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. நமக்கு அதுதான் கஷ்டமான பகுதி!

ஒரு மணி நேரத்துல அப்படி என்ன கிழிச்சுட முடியும்னு கேட்கறவங்களுக்குக் கடைசியா ஒரு கணக்கு. 60-ஐப் பத்தால வகுத்தா ஆறு. அந்த மூணாம் வகுப்புல மொத்தமே ஆறு பேர்தான் பாஸ்!