ஃபைட்டர் எடுத்த பிள்ளைக்கும் முறை வரவேண்டும்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாடுகிற யாரிடமாவது கிளாஸ்களுக்கு இடையிலான சமநிலை பற்றிக் கதைத்துப் பாருங்கள். உடனே ஒரு பதில் வரும். "இது போட்டி இல்லையே நானா. எல்லாரும் ஒரே பக்கம். ஃபைட்டரை விட விசார்ட் பலமா இருந்தா யாருக்கு நட்டம்?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு இது. டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். பாத்திரத்தின் தொழில்தான் கிளாஸ். ஃபைட்டர் வாள் வீசுவார், விசார்ட் மந்திரம் போடுவார், ரோக் பூட்டுத் திறப்பார்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். போட்டி இல்லை என்பதால்தான் சமநிலை இன்னும் முக்கியமாகிறது. போட்டியில் பலவீனமானவன் தோற்பான், ஆட்டம் முடியும், அடுத்த ஆட்டம் தொடங்கும். இங்கே பலவீனமானவன் தோற்பதுமில்லை, எழும்பிப் போவதுமில்லை. மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து அடுத்தவன் விளையாடுவதைப் பார்ப்பான். குழுச் செயற்பாடு நடத்திய எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பிரிஸ்டல் போர்ட் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை பிளாட்டினம் பேனையைப் பிடிக்கும், மற்ற நாலும் தாளின் மூலையைப் பிடிக்கும். புள்ளி ஐவருக்கும் ஒன்றுதான். "குழு வென்றது" என்றும் எழுதலாம்.

"ஃபைட்டர் அடிக்கிற அடியைக் கூட்டிப் பாருங்கள், குறைவில்லை" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், அடியில் குறைவில்லை. ஆனால் சண்டை முடிந்த பிறகு? 2014 பதிப்பில் ஃபைட்டருக்குப் பதினோராம் லெவலில் மூன்றாவது அடி, இருபதாம் லெவலில் நாலாவது அடி. ஒரே வேலை, கொஞ்சம் கூடுதலாக. விசார்ட் ஐந்தாம் லெவலில் பறக்கிறார், பதின்மூன்றில் கூட்டத்தோடு வேறு ஊருக்குப் பாய்கிறார், பதினேழில் 'விஷ்' என்று சொல்லி நினைத்ததைக் கேட்கிறார். பூட்டிய கதவு ஒன்று வந்தால் ஃபைட்டரும் ரோக்கும் டைஸ் உருட்ட வேண்டும், பிழைக்கலாம். விசார்ட் 'நொக்' மந்திரம் போட்டால் டைஸே இல்லை, பூட்டு திறக்கும். அந்தச் சத்தம் 300 அடிக்குக் கேட்குமே என்பார்கள். நல்லது, அது ஒரு நியாயமான விலை. எல்லா மந்திரத்துக்கும் அப்படி ஒரு விலை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பழைய ஆட்கள் இந்த விலையை எழுதித்தான் வைத்திருந்தார்கள். 1981 பேசிக் புத்தகத்தில் இரண்டாம் லெவலுக்குப் போகத் திருடனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2000, மந்திரக்காரருக்கு 2500. முதல் லெவலில் நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், ஒரு குத்தில் சாகிற உடம்பு. அட்வான்ஸ்ட் பதிப்பில் மந்திரம் போடும்போது அடி விழுந்தால் மந்திரம் வீண். ஃபைட்டர் ஒன்பதாம் லெவலுக்கு வந்து கோட்டை கட்டினால் படைவீரர்கள் தேடி வருவார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. முதல் வருடம் ஒருவனும் மூன்றாம் வருடம் இன்னொருவனும் சும்மா இருப்பது நல்ல ஏற்பாடு இல்லை. ஆனாலும் விலை என்று ஒன்று இருந்தது.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே புள்ளி அட்டவணை, அடிபடாமல் மந்திரம் போட வழி, ஃபைட்டரின் படையும் இல்லை. விலையை எடுத்துவிட்டார்கள், பொருள் மட்டும் அப்படியே இருந்தது. 2003 திருத்தத்தின் ட்ரூயிட்டைப் பாருங்கள். முதல் லெவலிலேயே கூடவே சண்டை போட ஓநாய். ஐந்தில் தானே மிருகமாகலாம். ஆறில் ஒரு ஃபீட் எடுத்தால் கரடியாக நின்றபடியே மந்திரமும் போடலாம். பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர் எதற்கு?

2008இல் நாலாம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அளவில் திறன்களைப் பங்கிட்டது. எல்லாருக்கும் ஒரே சீருடை போட்டுவிட்டார்கள் என்று சத்தம் எழும்பியது. அந்த முறைப்பாட்டில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து "சமநிலை என்றாலே சுவை போய்விடும்" என்ற பாடத்தை எடுத்தார்கள் பாருங்கள், அதுதான் பிழை.

2014 புத்தகமும் சமநிலை இருக்கிறது என்றே சொல்கிறது. எப்படி? கதையில் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டுச் சண்டை வரும், அதற்குள் விசார்டின் மந்திரம் தீர்ந்துவிடும் என்ற கணக்கில். எந்த மேசையில் எட்டுச் சண்டை நடக்கிறது? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிபர் அறைச் சுவரில் தொங்கும் நேரசூசி மாதிரித்தான், காகிதத்தில் எட்டுப் பாடவேளையும் ஒழுங்காக நடக்கும்.

கடைசியாக ஒரு சாட்டு: "நல்ல டன்ஜன் மாஸ்டர் சமாளிப்பார்." எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். காசு வாங்கிப் புத்தகம் எழுதியவர் செய்யாத வேலையை, முதல் முறை கதை நடத்துகிற பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் போடுகிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஃபைட்டருக்கு ஒரு மாய வாளைப் போட்டுக் கொடுக்கும். இரக்கப் புள்ளி என்று வாங்குகிறவருக்கு விளங்காதா? நான் நடத்தும் மேசையில் ஒரு மாணவி இலகு என்று ஃபைட்டர் எடுத்தாள். மூன்றாம் வாரம் தாளின் ஓரத்தில் பூ வரைந்துகொண்டு, "சேர், என்ட முறை வந்தா சொல்லுங்க" என்றாள். விசார்ட் எடுத்த பையனில் ஒரு குற்றமும் இல்லை, அவன் புத்தகத்தில் உள்ளதைத்தான் செய்தான்.

2024 திருத்தத்தில் ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலிலேயே ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பூட்டோ மதிலோ பேச்சோ, ஒரு முயற்சி பிழைத்தால், மூச்சு வாங்கி உடம்பைத் தேற்றும் திறனில் ஒரு தடவையைச் செலவழித்துப் பத்துப் பக்க டைஸ் ஒன்றைக் கூட உருட்டலாம். அப்படியும் பிழைத்தால் அந்தத் தடவை செலவாகாது. சின்ன விடயம்தான், ஆனால் சரியான பக்கம். இதைப் பதினோராம் லெவலிலும் எழுதுங்கள், விசார்ட் 'விஷ்' கேட்கிற பதினேழிலும் எழுதுங்கள்.